காவிரி டெல்டா விவசாயக் கூலி: ஆய்வேட்டுக்கு எந்த நூலகத்தில் எதைத் தேடுவது?

வயல்வெளி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எம்.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு. ஆய்வேட்டுத் தலைப்பு: தஞ்சை டெல்டாவில் விவசாயத் தொழிலாளர் கூலி, 1950 முதல் இன்று வரை. கல்லூரி நூலகக் கணினியில் 'விவசாயக் கூலி, தஞ்சாவூர்' என்று ஆங்கிலத்தில் தேடினால் நான்கே நான்கு புத்தகங்கள் வருகின்றன. அதில் இரண்டு போட்டித் தேர்வு வழிகாட்டிகள். கூகுளில் தேடினால் செய்திக் கட்டுரைகள்தான். கல்லூரி அரசு உதவி பெறுவது. சென்னைக்கு அதிகம் போனால் மூன்று நாள் போகலாம். எங்கிருந்து தொடங்குவது? எல்லாமே ஆன்லைனில் கிடைத்துவிடும் என்று வகுப்பில் சொல்கிறார்கள், அது சரியா?

---

நூலடுக்கு

நான்கு புத்தகம் வந்தது நூலகத்தின் குறை மட்டும் அல்ல, தேடிய விதமும் காரணம். கூலி பற்றிய முதன்மை ஆவணங்களை எழுதியது தனிமனிதர்கள் இல்லை, அரசுத் துறைகள். நூல்பட்டியலில் அவை வெளியிட்ட அலுவலகத்தின் பெயரில்தான் பதிவாகும். அதிலும் 'இந்தியா' என்று தொடங்கி, ஒரு புள்ளி வைத்து, அதன்பின் 'லேபர் பீரோ' (மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் புள்ளிவிவர அலுவலகம்) என்று வரும். பழையவை 'மெட்ராஸ் (பிரசிடென்சி)' அல்லது 'மெட்ராஸ் (ஸ்டேட்)' என்ற தலைப்பின் கீழ் கிடக்கும். எனவே பொருள் பெட்டியில் தேடாதீர்கள், ஆசிரியர் பெட்டியில் துறையின் பெயரைப் போடுங்கள்.

ஊர்ப்பெயரிலும் எச்சரிக்கை வேண்டும். 1960களுக்கு முந்தைய ஆவணங்களில் தஞ்சாவூர் என்ற எழுத்துக்கூட்டல் அரிது, 'டாஞ்சோர்'தான். அப்படியே டிரிச்சினோபொலி, டின்னெவெல்லி, செங்கல்பட்டுக்கு சிங்கிள்புட், மாயவரத்துக்கு மாயாவரம், மாயூரம் இரண்டும். எல்லாக் கூட்டலிலும் ஒரு முறை தேட வேண்டும்.

அடுத்தது அலமாரி. டியூயி தசம எண் முறையில் அடுக்கிய நூலகம் என்றால் பொருளியல் 330 என்று அங்கேயே நின்றுவிடக் கூடாது. உங்கள் தலைப்பு குறைந்தது ஐந்து இடத்தில் சிதறிக் கிடக்கும்: 331.2 ஊதியம், 331.763 விவசாயத் தொழிலாளர், 333 நிலம், 338.1 வேளாண் உற்பத்தி, 307.72 கிராமச் சமூகம். நல்ல கிராம ஆய்வுகள் பலவும் கடைசியாகச் சொன்ன சமூகவியல் அடுக்கில்தான் இருக்கும். பொருளாதார மாணவர் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை என்பதால் தூசி தட்டி எடுக்க வேண்டியிருக்கும்! பழைய கல்லூரிகள் சிலவற்றில் ரங்கநாதனின் கோலன் பகுப்பு இன்னும் இருக்கிறது. அங்கே பொருளியல் 'எக்ஸ்', வேளாண்மை 'ஜே', சமூகவியல் 'ஒய்'.

---

எண்கணக்கு

ஆன்லைனில் கிடைப்பது நிறைய, ஆனால் 1990க்கு முந்தைய கூலி எண்கள் அதில் குறைவு. முதலில் எந்தெந்தத் தொடர்கள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, மத்திய வேளாண் அமைச்சகத்தின் பொருளியல், புள்ளியியல் இயக்ககம் வெளியிடும் 'அக்ரிகல்ச்சுரல் வேஜஸ் இன் இந்தியா'. இதில் மாவட்டவாரியாக, மையவாரியாக மாதக் கூலி இருக்கும். 1950களிலிருந்து மாவட்ட எண் வேண்டுமென்றால் இதைவிட்டால் வேறு வழி அநேகமாக இல்லை. ஆனால் ஒரு மாவட்டத்துக்கு ஒன்றிரண்டு ஊர்தான் மையம். ஒரே எண் மாதக்கணக்கில் மாறாமல் அச்சாகியிருக்கும். நடவுக்கும் அறுவடைக்கும் கூலி மாறும் ஊரில் பன்னிரண்டு மாதமும் ஒரே எண் என்றால், யாரோ போன மாதத்து எண்ணை எடுத்து எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த ஆண்டைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

இரண்டு, லேபர் பீரோவின் ஊரகக் கூலித் தொடர். மாநிலந்தோறும் மாதிரிக் கிராமங்களிலிருந்து மாதந்தோறும் திரட்டுவது. 'இந்தியன் லேபர் ஜர்னல்' இதழில் வரும். மாநில அளவு மட்டுமே, மாவட்டம் கிடையாது.

மூன்று, விவசாயத் தொழிலாளர் விசாரணைகள்: 1950-51, 1956-57. அதன்பின் பெயர் மாறி ஊரகத் தொழிலாளர் விசாரணை: 1963-65, 1974-75, 1977-78, 1983 என்று போகும். முதல் இரண்டையும் ஒப்பிட்டுக் 'கூலி குறைந்தது' என்று எழுதுவதற்கு முன், இரண்டிலும் விவசாயத் தொழிலாளர் குடும்பம் என்பதற்குக் கொடுத்த வரையறையைப் படியுங்கள். முதலாவதில் வேலை செய்த நாட்கள் அடிப்படை, இரண்டாவதில் வருமானம். இந்த வேறுபாட்டைப் பற்றி அந்தக் காலத்திலேயே பெரிய சண்டை நடந்திருக்கிறது.

நான்கு, என்.எஸ்.எஸ். (தேசிய மாதிரி ஆய்வு) வேலைவாய்ப்புச் சுற்றுகள், 2017-18 முதல் பி.எல்.எஃப்.எஸ். (தொழிலாளர் பற்றிய காலமுறை ஆய்வு). தனிநபர் அளவிலான தரவு மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் மைக்ரோடேட்டா தளத்தில் பதிவு செய்தால் இலவசம்.

---

பழுப்புத்தாள்

எண்கணக்கு சொன்ன இரண்டாவது தொடரில் ஒரு பள்ளம் இருக்கிறது. 2013 நவம்பரில் தொழில் வகைப்பாட்டை மாற்றிவிட்டார்கள். அதுவரை 18 தொழில் (11 வேளாண், 7 வேளாண் அல்லாதவை), அதன்பின் 25. பழையதில் விதைப்பு, நடவு, களையெடுப்பு மூன்றும் தனித்தனி. புதியதில் மூன்றும் ஒரே வரியில். டெல்டாவில் நடவும் களையெடுப்பும் பெண்கள் வேலை, விதைப்பு பெரும்பாலும் ஆண்கள் வேலை. எனவே 2013ஐத் தாண்டி 'நடவுக் கூலி' என்று ஒரே கோடு வரைந்தால் அது நடவுக் கூலியே அல்ல. ஆண், பெண் எண்களைத் தனித்தனியாக எடுத்து, 2013ல் கோட்டை முறித்துக் காட்டுவதுதான் நேர்மை. இரண்டு தொடரையும் ஒட்டவைக்க ஒரு காரணியைக் கண்டுபிடித்துப் போடாதீர்கள், வாய்மொழித் தேர்வில் அந்த இடத்தில்தான் கேள்வி வரும்.

2014-15 முதலான மாநில எண்கள் ரிசர்வ் வங்கியின் மாநிலப் புள்ளிவிவரக் கையேட்டில் எக்செல்லாகவே கிடைக்கும். அதற்காக நூலகத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

---

காவிரிக்கரை

வயல்வெளி தம்பி/தங்கை, மாவட்டம் என்ற சொல்லையே சந்தேகப்படுங்கள். 1951ன் தஞ்சாவூர் மாவட்டம் வேறு, 2001ன் தஞ்சாவூர் வேறு. 1974ல் புதுக்கோட்டை உருவானபோது ஒரு பகுதி போனது. 1991ல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997ல் திருவாரூர். 2020 டிசம்பரில் நாகையிலிருந்து மயிலாடுதுறை. கீழத்தஞ்சை முழுக்க வெளியே போன பிறகு 'தஞ்சாவூர் கூலி' என்று வருவது பாசன வசதி அதிகமுள்ள மேல்பகுதியின் கூலி. எண் உயர்ந்ததில் எவ்வளவு கூலி உயர்வு, எவ்வளவு எல்லைக்கோடு மாறியது என்று பிரிக்காவிட்டால் முடிவே தவறாகும். 1991க்குப் பிறகு பிரிந்த மாவட்டங்களின் எண்களை விவசாயத் தொழிலாளர் எண்ணிக்கையால் எடையிட்டுச் சேர்த்து 'பழைய தஞ்சை' என்று ஒரு நெடுவரிசை உருவாக்குங்கள். (புதுக்கோட்டைக்குப் போன பகுதியை இப்படி மீட்க முடியாது. அடிக்குறிப்பில் சொல்லிவிட்டால் போதும்.)

எடைக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்ணை எடுப்பீர்கள். அங்கேயும் ஒரு பொறி. 1971ல் ஒருவரின் முக்கிய வேலை எது என்று மட்டும் கேட்டதால், வீட்டுவேலையோடு வயலுக்கும் போன பெண்கள் கணக்கிலிருந்து விழுந்தார்கள். 1961ஐயும் 1971ஐயும் பக்கத்தில் வைத்துப் பெண் தொழிலாளர் குறைந்ததாக எழுதிய ஆய்வேடுகள் ஏராளம். 1981 முதல் முதன்மைத் தொழிலாளர், குறுந்தொழிலாளர் (ஆண்டில் சில காலம் மட்டும் வேலை செய்தவர்) என்று பிரித்தார்கள். இரண்டையும் கூட்டி எடுக்கிறீர்களா, முதன்மை மட்டுமா என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

---

வயல்வெளி

மிக்க நன்றி. இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. இரண்டு சந்தேகம். முதலில், 1950க்கு முன்பு பின்னணி அத்தியாயத்துக்கு என்ன படிப்பது? இரண்டாவது, ஜேஸ்டோர் (ஆய்வு இதழ்களின் இணையத் தொகுப்பு), இ.பி.டபிள்யூ. ('எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழ்) எல்லாம் கல்லூரியில் இல்லை. ஆய்வு இதழ்களுக்கு மத்திய அரசே சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்துவிட்டதே, அதில் கிடைக்குமா?

---

நூலடுக்கு

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். 'ஒரே நாடு ஒரே சந்தா' 2025 ஜனவரியில் தொடங்கியது, ஆனால் அரசு நிறுவனங்களுக்கு. உதவி பெறும் கல்லூரிக்கு இன்ஃபிளிப்நெட் (பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மத்திய மையம்) நடத்தும் என்-லிஸ்ட் என்ற மின்னிதழ்ச் சந்தாதான் வழி. நூலகரிடம் 'நமக்கு என்-லிஸ்ட் உறுப்பினர் உண்டா, எனக்கு ஐ.டி. தருவீர்களா' என்று கேளுங்கள். பல கல்லூரிகளில் சந்தா கட்டியிருப்பார்கள், மாணவருக்கு ஐ.டி. கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஜேஸ்டோரில் தனிநபர் கணக்கு இலவசம். மாதத்துக்கு 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம், இறக்க முடியாது. இ.பி.டபிள்யூ. பழைய இதழ்கள் அங்கே உண்டு. 1966க்கு முன்பு அதன் பெயர் 'எகனாமிக் வீக்லி', 1949ல் தொடங்கியது. விவசாயத் தொழிலாளர் விசாரணை பற்றிய விவாதம் அந்தப் பெயரில்தான் இருக்கும். 'இந்தியன் ஜர்னல் ஆஃப் அக்ரிகல்ச்சுரல் எகனாமிக்ஸ்' பழைய கட்டுரைகளை அக்எகான் சர்ச் தளத்தில் இலவசமாக இறக்கலாம். 'ரிவ்யூ ஆஃப் அக்ரேரியன் ஸ்டடீஸ்' முழுக்கத் திறந்த இதழ்.

தேடும்போது வெறும் சொல்லோடு ஜே.இ.எல். குறியீட்டையும் (பொருளாதாரக் கட்டுரைகளைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் எண்) பயன்படுத்துங்கள். விவசாயத் தொழிலாளர் சந்தைக்கு ஜே43, ஊதிய அமைப்புக்கு ஜே31, ஆசியாவின் தொழிலாளர் வரலாற்றுக்கு என்35. ஐடியாஸ் என்ற பொருளாதாரக் கட்டுரைப் பட்டியல் தளத்தில் குறியீட்டைச் சொடுக்கினால் கட்டுரைகள் வரிசையாக வரும். சொல் பொருந்தாததால் தப்பிப்போனவை இப்படித்தான் அகப்படும்.

ஷோத்கங்காவில் (இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்) முனைவர் ஆய்வேட்டை அத்தியாயம் அத்தியாயமாக வெட்டி ஏற்றியிருப்பார்கள். முதல் அத்தியாயத்தைத் திறக்காதீர்கள், கடைசிக் கோப்பை இறக்குங்கள், நூற்பட்டியல் அதில்தான். டெல்டா பற்றி மூன்று ஆய்வேடுகளின் நூற்பட்டியலை அடுக்கி, மூன்றிலும் வரும் தலைப்புகளைக் கோடிட்டால் படிக்க வேண்டிய முதல் இருபது கிடைத்துவிடும். ஆனால் அந்த ஆய்வேடுகளில் உள்ள அட்டவணையை அப்படியே எடுத்துவிடாதீர்கள். அவர்களும் இன்னொருவரிடமிருந்து எடுத்திருப்பார்கள், அச்சுப்பிழையும் சேர்ந்தே பயணம் செய்யும்.

---

பசலி1378

முதல் கேள்விக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 முதல் மாணவர்களை அனுப்பிச் செய்த கிராம ஆய்வுகள் 1918ல் நூலாக வந்தன. இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி. பாலக்குறிச்சி உங்கள் டெல்டாவில் உள்ள ஊர். 1936-37ல் தாமஸும் ராமகிருஷ்ணனும் நடத்திய மறு ஆய்வு 1940ல் வெளியானது. 1980களில் எம்.ஐ.டி.எஸ்.ஸிலிருந்து (சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம்) குகன் செய்த மறு ஆய்வு பணித்தாளாக வந்திருக்கிறது. 2019ல் ஃபவுண்டேஷன் ஃபார் அக்ரேரியன் ஸ்டடீஸ் அதே ஊரையும் வெண்மணியையும் ஆய்வு செய்தது. ஒரே ஊருக்கு நூறு ஆண்டுக் கூலி விவரம் இந்தியாவில் வேறு எத்தனை ஊருக்கு இருக்கிறது? மாவட்ட எண்களோடு மல்லுக்கட்டுவதை விட இதை ஆய்வேட்டின் முதுகெலும்பாக வைக்கலாம் என்பது என் எண்ணம்.

கூலிச் சட்டங்களின் வரிசையும் வேண்டும். 1948 மாயவரம் ஒப்பந்தம், 1952 தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1968 கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பிறகு அமைந்த கணபதியா பிள்ளை ஆணையம், அதைத் தொடர்ந்து 1969 நியாயக் கூலிச் சட்டம். ஆணைய அறிக்கையைத் தேடும்போது ஆணையத்தின் பெயர் மட்டும் போதாது, 'தமிழ்நாடு' என்ற அரசுத் தலைப்பிலும் தேடுங்கள்.

அரசின் பருவ, பயிர் அறிக்கையில் ஆண்டு பசலியில் (வருவாய்த் துறை ஆண்டு) இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு.

---

எண்கணக்கு

பசலி1378, சின்னத் திருத்தம். பசலி ஜூலை 1ல் தொடங்கி ஜூன் 30ல் முடிகிறது. 590 கூட்டினால் தொடங்கும் ஆண்டு. ஜனவரி முதல் ஜூன் வரை நடந்ததற்கு 591. டெல்டாவுக்கு இது வெறும் நுணுக்கம் அல்ல. சம்பா நடவு செப்டம்பர், அக்டோபரில், அறுவடை ஜனவரி, பிப்ரவரியில். ஒரே பசலியின் நடவுக் கூலியும் அறுவடைக் கூலியும் இரண்டு வேறு ஆங்கில ஆண்டில் விழும். விலைக் குறியெண்ணால் வகுக்கும்போது நாள்காட்டி ஆண்டுச் சராசரியை எடுத்தால் பொருந்தாது. ஜூலை முதல் ஜூன் வரை பன்னிரண்டு மாதக் குறியெண்ணை நீங்களே சராசரி எடுங்கள்.

குறியெண் என்றதும் இன்னொன்று. மெய்க்கூலிக்கு (விலை உயர்வைக் கழித்த கூலி) பொதுவான நுகர்வோர் விலைக் குறியெண் வேண்டாம், விவசாயத் தொழிலாளர் குறியெண்ணை எடுங்கள். அதன் அடிப்படை ஆண்டு 1960-61, பின்பு 1986-87, இப்போது 2019. பழைய தொடரைப் புதியதோடு ஒட்டும் இணைப்புக் காரணி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. 1960-61ஐ 1986-87உடன் இணைக்கும் அகில இந்தியக் காரணி 5.89. அதைத் தமிழ்நாட்டு எண்ணில் பெருக்கிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தமிழ்நாட்டுக் காரணி லேபர் பீரோவின் ஆண்டறிக்கையில் தனியாக இருக்கும்.

---

பசலி1378

சரிதான், 590/591 என்று எழுதியிருக்க வேண்டும். நன்றி.

---

பழுப்புத்தாள்

பழைய விலை அட்டவணை எடுக்கப் போகிறவருக்கு ஒரு எச்சரிக்கை. பிரிட்டிஷ் காலத்து 'பிரைசஸ் அண்ட் வேஜஸ்' தொகுதிகளில் விலை 'ரூபாய்க்கு எத்தனை சேர்' என்று தலைகீழாக இருக்கும். எண் கூடினால் விலை குறைந்தது. அதோடு சராசரியும் ஏமாற்றும். ஓர் ஆண்டு ரூபாய்க்கு 10 சேர், மறு ஆண்டு 20 சேர் என்றால் சராசரி 15 சேர், சேருக்கு 1.07 அணா என்று கணக்கு வரும். ஆனால் விலையாக மாற்றிய பிறகு பார்த்தால் 1.6 அணா, 0.8 அணா, சராசரி 1.2 அணா. முதலில் ஒவ்வொரு ஆண்டையும் விலையாக மாற்றுங்கள், அதன்பின் சராசரி எடுங்கள். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை (தம்பிடி). சேர் என்றால் 80 தோலா, சுமார் 0.933 கிலோ.

கூலி நெல்லாகக் கொடுத்த காலத்துக்கு இது இன்னும் சிக்கல். 1 கலம் 12 மரக்கால் என்பது நிலையானது, மரக்காலின் அளவு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். கூலி அளக்கும் மரக்கால் வேறு, விற்கும் மரக்கால் வேறு என்று இருந்த ஊர்களும் உண்டு. மூல ஆவணத்தில் அளவு சொல்லாதபோது கிலோவாக மாற்றாதீர்கள், கலமாகவே விடுங்கள்.

---

வயல்வெளி

மூன்று நாள் சென்னைப் பயணத்தில் எங்கே எவ்வளவு நேரம் என்று மட்டும் சொல்லுங்கள்.

---

நூலடுக்கு

போகுமுன் துறைத்தலைவரின் கடிதம், கையெழுத்தும் முத்திரையுமாக, நான்கு பிரதி. ஒவ்வொன்றிலும் அந்தந்த நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும், பொதுவாக 'யாருக்கு வேண்டுமானாலும்' என்று எழுதினால் சில இடங்களில் திருப்பி அனுப்புவார்கள். கல்லூரி அடையாள அட்டை, அதன் நகல், இரண்டு புகைப்படம். விடுமுறை நாளும் வேலை நேரமும் இடத்துக்கு இடம் வேறு, தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

முதல் நாள் அடையாறு எம்.ஐ.டி.எஸ். 1971ல் மால்கம் ஆதிசேஷையா தொடங்கியது. தமிழ்நாட்டுப் பொருளாதாரம் பற்றிய பணித்தாள், அரசு அறிக்கை ஒரே கூரைக்குள் கிடைக்கும் இடம். முழு நாள் வேண்டும்.

இரண்டாம் நாள் எழும்பூர், கன்னிமாரா. 1896ல் திறந்தது. 1954 நூல் வழங்கல் சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. பழைய தொகுதியை அடுக்கிலிருந்து எடுத்து வர நேரம் பிடிக்கும். காலையிலேயே ஐந்தாறு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். அதே எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கிறது. அரசாணை வேண்டுமென்றால் துறை, எண், தேதி மூன்றும் கையில் இருக்க வேண்டும். 'பண்ணையாள் சட்டம் பற்றிய கோப்பு' என்று கேட்டால் எதுவும் வராது. அந்த மூன்றும் எம்.ஐ.டி.எஸ்.ஸில் படித்த நூல்களின் அடிக்குறிப்பில் இருக்கும், அதனால்தான் அது முதல் நாள்.

மூன்றாம் நாளைக் காலியாக விடுங்கள். ஏதாவது ஒரு சீட்டு 'இடத்தில் இல்லை' என்று திரும்பி வரும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் பாடநூல்களுக்கும் கையேடுகளுக்கும் வைத்துக்கொள்ளலாம், அரிய அறிக்கைக்கு அல்ல.

---

காவிரிக்கரை

படம் எடுக்க அனுமதி கிடைத்தால் அட்டவணையை மட்டும் எடுக்காதீர்கள். தலைப்புப் பக்கம், வரையறைப் பக்கம், அட்டவணையின் அடிக்குறிப்பு, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு பதிவு. நட்சத்திரக் குறி போட்ட எண்ணின் விளக்கம் மூன்று பக்கம் தள்ளி இருக்கும். எக்செல்லில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்திலேயே நூல், ஆண்டு, அட்டவணை எண், பக்கம், அலகு என்று ஐந்து நெடுவரிசை. அலகு நெடுவரிசையை விட்டுவிட்டுத் தப்பித்தவர் யாரும் இல்லை.

என்.எஸ்.எஸ். தரவைத் தொடுவதாக இருந்தால்: 68ஆம் சுற்றில் பெருக்கெண்ணை (மாதிரியை மொத்த மக்கள்தொகைக்கு விரிக்கும் எடை) அப்படியே போடக் கூடாது. என்.எஸ்.எஸ்., என்.எஸ்.சி. இரண்டு நெடுவரிசையும் சமமாக இருந்தால் 100ஆல் வகுக்க வேண்டும், இல்லையென்றால் 200ஆல். மாவட்டக் குறியீடு கோப்பில் இருக்கிறதே என்று மாவட்டக் கூலி கணக்கிடாதீர்கள், மாதிரி அதற்குப் போதாது. தமிழ்நாட்டை நான்கு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள், அதில் கடலோர மண்டலம் வரைக்கும் போகலாம்.

---

வயல்வெளி

கேட்டுப் பார்த்தேன், கல்லூரியில் என்-லிஸ்ட் இருக்கிறது. ஐ.டி.க்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். பாலக்குறிச்சி 1918, 1940, 1980கள், 2019 நான்கையும் ஒரு அத்தியாயமாக வைத்து, மாவட்ட எண்களை 1991 வரை மட்டும் எடுப்பதாக நெறியாளரிடம் சொல்லப் போகிறேன். 1940 நூலில் கூலி மரக்காலில் இருந்தால் அப்படியே விட்டுவிடவா?

---

பழுப்புத்தாள்

அப்படியே விடுங்கள். முன்னுரையிலோ பின்னிணைப்பிலோ உள்ளூர் அளவைப் பட்டியல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மாற்றிய எண்ணை அடுத்த நெடுவரிசையில் எழுதலாம், மூல எண்ணை அழிக்காமல்.